ஏழு அடி வாங்கியவர்

கோல்ஃபில் யார் அதிகமாக அடிக்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார் என்று ஐம்பத்தோரு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? கையில் மட்டை, எதிரில் பந்து என்றால் எங்களுக்குக் கணக்கு ஒன்றுதான். இருபது அடித்தவனைவிட ஐம்பது அடித்தவன் பெரியவன். நூறு அடித்தவனுக்குத் தெருவே எழுந்து நிற்கும். அடிக்க அடிக்கத் தோற்றுக்கொண்டே போகிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கும், அதை ஆடுவதற்கு மனிதர்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நம்பினவன் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தால் தொல்லை இல்லை. நான் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமிழில் பேசித் தொலைத்தேன்.

என் தொழில் குரல். தொலைக்காட்சி விளம்பரத்தில் "குக்கர் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்" என்று மிரட்டும் ஆள் நான்தான். எறும்பு மருந்து, வேட்டி, முழங்கால் தைலம், எல்லாம் பேசியிருக்கிறேன். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் தமிழ் வர்ணனை செய்தேன். அது நல்ல காலம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் நான் கூரையைத் தாண்டியிருப்பேன். பிறகு அந்த நாற்காலிகளில் ஆடி ஓய்ந்த ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியும், தமிழ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், ஆட்டம் சுமார். யாருக்கு வேலை போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு இப்போது கம்ப்யூட்டரே பேசுகிறது. எறும்பு மருந்தை அது பேசும்போது எறும்புக்கே தூக்கம் வருகிறது. இருந்தாலும் அதற்கு டீ வாங்கித் தர வேண்டாம், தொண்டை கட்டாது.

இந்த நிலைமையில்தான் மும்பையிலிருந்து ஒரு விளையாட்டுச் சேனல் அழைத்தது. பேசிய அம்மணி அங்கே தென்னிந்திய மொழிகளுக்கெல்லாம் பொறுப்பு. அந்த மொழிகளில் ஒன்றுகூடத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் சமமாகப் பாவித்தார். இனி கோல்ஃப் பந்தயங்களைத் தமிழிலும் நேரலையாகத் தரப்போகிறார்களாம். அதற்கு ஒரு வர்ணனையாளர் வேண்டும். வெள்ளோட்டமாக, சாம்பியன்ஷிப் பந்தயங்களின் மறக்க முடியாத தருணங்கள் என்று ஒரு மணி நேரத் தொகுப்பு ஞாயிற்றுக்கிழமை போகிறது. அதற்கு நான் தமிழில் எழுதிப் பேசித் தர வேண்டும். நன்றாக வந்தால் நேரலை நாற்காலி எனக்கு. வராவிட்டால் கம்ப்யூட்டர் குரலை வைத்து ஓட்டிக்கொள்வார்கள். உங்களுக்குக் கோல்ஃப் தெரியும்தானே என்று கேட்டார். சின்ன வயசிலிருந்தே உயிர் மேடம் என்றேன்.

எனக்குத் தெரிந்த கோல்ஃப் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தது. வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மாமா. மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டு மந்தைவெளிக்கு வந்ததையே வெளிநாடு போனதாக நினைப்பவர். சனிக்கிழமை விடிந்தால் ஒரு கையில் மட்டும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கிண்டிப் பக்கம் மைதானத்துக்குப் போவார். இன்னொரு கைக்கு ஏன் இல்லை என்று ஒருநாள் கேட்டேன். அதுதான் முறை என்றார். பந்தைத் தானே தூரமாக அடிக்க வேண்டியது, பிறகு அதைத் தானே தேடிக்கொண்டு நடக்க வேண்டியது. கண்டுபிடித்தால் மறுபடி தூரமாக அடிக்க வேண்டியது. என் வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேட நான் படும் பாட்டை இவர் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு படுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

இருந்தாலும் அக்கம்பக்கம் என்றால் மரியாதை வேண்டுமே. லிஃப்டில் பார்த்தால், இன்னைக்கு எவ்வளவு மாமா என்று கேட்பேன். நூத்திப் பன்னெண்டு என்பார், மெல்லிய குரலில். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சதம் அடித்த மனிதனின் கையைப் பிடித்துக் குலுக்குவேன். ஒருநாள் நூற்று இருபது தாண்டியிருந்தார். அன்றைக்கு அவர் சம்சாரத்தின் எதிரிலேயே கட்டிப் பிடித்தேன்.

சேனல் அனுப்பிய படத்துணுக்குகளோடு இங்கிலீஷில் ஒரு குறிப்பும் வந்தது. அதை எழுதியவர் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். தந்தி அடித்துப் பழகியவர் போல. எங்கள் ஸ்டூடியோ தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே யாராவது அண்டாவைக் கீழே போட்டால் மேலே பதிவை நிறுத்த வேண்டும். ஒலிப்பதிவு செய்பவன் என் வயதுக்காரன், இருபது வருஷப் பழக்கம். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்தவன். அந்த இடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய் அடுக்கி வைத்துவிட்டது. தினமும் இரண்டு பஸ் மாறி வருவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

முதல் துணுக்கு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பெரிய பந்தயம். ஒருவர் ஆடி முடித்து, தன் கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: அவர் சீட்டில் அடித்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தது, கையெழுத்திட்டார், பட்டம் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிக்காத ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்ட திருடனா நீ? "நேர்மை இல்லாதவனுக்கு மைதானம் கொடுத்த சவுக்கடி" என்று பேசினேன். மேஜை முன் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் தொங்கியிருந்தது. மாட்டிக்கொண்டவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்தவர், குழிக்கு ஒரு கை நீளத்தில் பந்து. தட்டினால் விழும். கோணலாகத் தட்டி வெளியே விட்டார். இன்னொரு அடி தேவைப்பட்டது என்றது குறிப்பு. வேண்டுமென்றே வெளியே விட்டு இன்னொரு அடிக்கு வழி செய்துகொண்ட மதிநுட்பத்தை நான் மூன்று வாக்கியத்தில் புகழ்ந்தேன்.

பார் என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. பாருக்குக் கீழே எட்டு, பாருக்குக் கீழே பன்னிரண்டு. பாருக்குக் கீழே கிடப்பவன் தோற்றவன் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தேனாம்பேட்டை சிக்னல் பக்கம் எத்தனை பேரைத் தாண்டி நடந்திருக்கிறேன். ஸ்கோர் பலகையில் மைனஸ் போட்ட பெயர்கள் மேலே இருந்தன. ஃபெயிலானவன் பெயரை முதலில் வாசிக்கும் கணக்கு வாத்தியாரிடம் படித்தவன் நான். அதுவும் சரியாகவே பட்டது. அப்படி ஒரு மைனஸ்காரர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். அரை நிமிஷம் யோசித்து, ஆறுதல் பரிசு என்று சொல்லிவிட்டேன்.

கடைசித் துணுக்குதான் தொகுப்பின் உச்சம். கடல் ஓரத்து மைதானம், பெரிய பந்தயம், கடைசி நாள், கடைசிக் குழி. ஒரு ஐரோப்பியர். ஆறு போதும் என்றது குறிப்பு. பந்து ஓடைக்குள் விழுகிறது. மனிதர் ஷூவையும் காலுறையையும் கழற்றுகிறார், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டுகிறார், தண்ணீருக்குள் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். குறிப்பு முடிகிறது: ஏழு எடுத்தார், மீதி வரலாறு.

ஆறு போதும் என்ற இடத்தில் ஏழு. பன்னிரண்டு வருஷ கிரிக்கெட் வர்ணனை எனக்குள் எழுந்து நின்றது. "ஏழு அடித்தார் ஐயா, ஏழு அடித்தார்" என்று ஆரம்பித்து, வெற்றி உறுதியான சந்தோஷத்தில் ஓடையில் இறங்கிக் குளிக்கப் போகிறார் பாருங்கள் என்று போய், கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வரைக்கும் கொண்டுபோனேன். முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். பரவாயில்லை, இன்னும் சரக்கு இருக்கிறது என்று பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பதிவை அனுப்பிவிட்டோம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. மாமா மைதானத்திலிருந்து வந்து லிஃப்டுக்கு நின்றார். முகம் பேதி மாத்திரை போட்டவர் மாதிரி இருந்தது. இன்னைக்கு எவ்வளவு மாமா என்றேன். நூத்திப் பதினெட்டு என்றார். நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றி என் நீட்டிய கையில் வைத்தார்.

"போறும் ஓய். பதினோரு மாசமா பொறுத்துண்டிருக்கேன். நான் எப்போ கேவலமா ஆடிட்டு வந்தாலும் ஓடிவந்து கை குலுக்கறேள். போன மாசம் தொண்ணூத்தாறு. என் ஜன்மத்துலயே அதான் பெஸ்ட். ஆத்துல பாயசம் வெச்சா. நீங்க தோளைத் தட்டி, பரவால்ல மாமா, அடுத்த வாட்டி செஞ்சுரி போட்டுடலாம்ங்கறேள். நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. கம்மியா அடிச்சா நல்லதா மாமா என்று கேட்டேன். கேட்ட விதத்திலிருந்து நான் நக்கல் செய்யவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கோபம் போய், தெருவில் மயங்கி விழுந்தவனைப் பார்க்கும் பார்வை வந்தது. நின்ற இடத்திலேயே விளக்கினார். பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிக்குள் போட வேண்டும் என்று ஒரு வரம்பு. அதுதான் பார். அதற்குக் கீழே எத்தனைக்கெத்தனை போகிறானோ அத்தனைக்கத்தனை ஒசத்தி.

லிஃப்ட் வந்தது, போனது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே கேவலமாக இருக்கிறது. முதலில் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேன். போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொன்று போட்டேன். தமிழ்நாட்டில் உள்ள கோல்ஃப் ரசிகர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று திரண்டு, என் கொடும்பாவியைக் கொண்டுவந்து கபாலீசுவரர் கோயில் குளத்தருகே கொளுத்துவது போல் காட்சி வந்தது. கொளுத்துபவர்கள் எல்லோரும் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார்கள். பள்ளியில் கணக்கு எடுக்கும் என் மனைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மைனஸ் மேலே இருக்கும்போதாவது யோசித்திருக்கக் கூடாதா என்று ஒரு கேள்வி கேட்டாள், அதுவும் விடைத்தாள் திருத்திக்கொண்டே. நான் வாசலுக்கு ஓடினேன்.

"என்னங்க," என்றாள் பின்னாலிருந்து. "போறது போறீங்க, என் செருப்ப விட்டுட்டுப் போங்க."

அதற்குள் நான் தெருவில் இருந்தேன், அவள் செருப்பில்தான்.

ஆட்டோவில் ஏறியதும் ஒலிப்பதிவுக்காரனுக்குப் போன் செய்தேன். லீவு நாள். இன்னா நைனா என்று தூக்கக் குரலில் கேட்டான். எல்லாவற்றையும் உளறினேன். வர்றேன், ஆனா ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றான். ஆட்டோ லஸ்ஸில் நின்றது. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி ஊரே மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. டிடிகே சாலையில் நின்றது. எல்டாம்ஸ் ரோட்டில் நின்ற இடத்தில் டிரைவர் இறங்கி மோர் குடித்தார். நான் மும்பைக்கு அழைத்தேன். அம்மணி எடுக்கவில்லை. இறங்கி பாண்டி பஜார் வழியாக ஓடினேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓடுவது என்றால், நெரிசலில் நின்ற இடத்திலேயே கையை மட்டும் வேகமாக ஆட்டுவது. பூப்போட்ட பெண்கள் செருப்பு போட்ட ஒரு தொப்பைக்காரனுக்கு வழிவிட யாரும் அவசரப்படவில்லை.

அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். சாப்பாட்டு டப்பாவை மேஜை மேல் வைத்து, மின்விசிறியைப் போட்டு, நிதானமாக இயந்திரத்தைத் தட்டினான். அந்த நிதானம்தான் என்னை உறுத்தியது. உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் நைனா. எங்க ஊடு கிண்டி கோல்ஃப் மைதானத்து செவுத்துக்கு இந்தாண்ட தானே இருந்துச்சு. பந்து கூரை மேல வந்து வுயும். நாங்க பொறுக்கிக் குடுப்போம். உள்ள நம்பர் ஏற ஏற வெள்ளச் சட்டைங்க கெட்ட வார்த்த பேசும். நம்பர் கம்மியா கீதுனா அன்னிக்கு சிரிச்சுக்கினு போவும். இதுக்கு இன்னா படிப்பு வேணும்?"

"அப்ப நேத்தே ஏன்டா சொல்லல?"

"நீ காமெடி பண்றேன்னு நெனச்சேன். குளிக்கப் போறான்னு சொன்ன பாரு, இந்தாண்ட எனக்கு சிரிச்சு சிரிச்சு வவுறு வலிச்சிட்ச்சு."

இருபது வருஷமாக அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான் அவனைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுங்கள்.

படத்தை மறுபடி ஓட்டினோம். எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். சீட்டில் கையெழுத்துப் போட்டவரிடம் போனோம். இந்த ஆட்டத்தில் ஒருவர் கணக்கை மற்றவர்தான் எழுத வேண்டுமாம்; கூட ஆடியவர் எழுதும்போது ஒரு குழிக்கு மூன்றுக்குப் பதில் நான்கு என்று போட்டுவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டால் போட்டதுதான் என்று சட்டம். ஊரே பார்க்க அடித்ததைச் சீட்டு ஒப்புக்கொள்ளவில்லை. அவரையல்லவா நான் திருடன் என்றேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை என்று அவன் எங்கிருந்தோ கைபேசியில் தேடி வாசித்தான். தன்னைத்தான் மடையன் என்று சொல்லிக்கொண்டாராம். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் இருந்த இளக்காரம் அப்படியேதான் இருந்தது. ஒரு கையெழுத்துக்காக ஒருவனை வெளியே தள்ளும் ஆட்டத்தை நான் ஏன் மதிக்க வேண்டும்? அந்த மனிதர் மேல் மட்டும் இளக்காரம் வரவில்லை.

கடைசித் துணுக்கில்தான் மாட்டிக்கொண்டோம். தமிழ் ஒத்துழைக்க மறுத்தது. ஏழு அடித்தார் என்றால் இந்த ஊரில் யார் காதிலும் அது சாதனை. ஏழு அடியில் முடித்தார் என்றால் ஏழு அடி தூரம் என்று படுகிறது. குழியில் இறக்கினார் என்று எழுதிப் பார்த்தேன், சவ அடக்கம் போல் இருந்தது. ஏழு முறை தட்டினார் என்றால் யார் வீட்டுக் கதவை என்று கேட்பார்கள். இங்கிலீஷ்காரனுக்கு இந்தக் கவலை இல்லை. அவனுக்கு அடிக்கு ஒரு சொல், காலடிக்கு ஒரு சொல். நமக்கு எல்லாம் ஒரே அடி. மணி இரண்டைத் தாண்டியது. எனக்கு மறுபடி வியர்க்க ஆரம்பித்தது. அவன் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தான்.

"அடிச்சான்னு ஏன் சொல்ற? அவன் மூஞ்சப் பாரு. அடிச்ச மூஞ்சா அது? ஏழு அடி வாங்கினான்னு சொல்லு."

அதன் பிறகு நான் அதிகம் யோசிக்கவில்லை. தமிழ் வழிவிட்டது. வரம்பு நான்கு என்றால் நான்கு அடி வரை வலிக்காது. அதற்கு மேல் ஒவ்வொன்றும் மைதானம் இவனை அடிக்கிறது. ஆறு அடி வரை வாங்கினாலும் கோப்பை இவனுக்கு. மூன்று நாள் எல்லோரையும் முந்தி வந்தவன். நல்லபடியாக ஒரு ஓரமாக அடித்துக்கொண்டு வந்திருந்தால் எங்கள் மூன்றாம் மாடி மாமாகூட ஆறில் முடித்திருப்பார். இவன் வீரத்தைக் காட்டினான். பந்து பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் தெறித்தது, புல்லில் புதைந்தது, ஓடைக்குள் போனது. இவன் குளிக்க இறங்கவில்லை. தண்ணீருக்குள் கிடந்த பந்தை அங்கிருந்தே அடிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக இறங்கினான். அடிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். அந்த முகத்தை முந்தின நாள் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், பார்க்கவில்லை. எனக்கு நாற்காலி போய்விடும் என்று லிஃப்ட் வாசலில் நின்றபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று மாமாவுக்குத்தான் தெரியும். ஆனால் அது ஒரு மாதிரி இப்படித்தான் இருந்திருக்கும்.

கத்தவில்லை. ஏழு அடி வாங்கினார் என்று சொல்லிவிட்டு நான்கு விநாடி சும்மா இருந்தேன். மைக் முன்னால் அவ்வளவு நேரம் வாயை மூடி எனக்குப் பழக்கமில்லை. கீழே பாத்திரக் கடையில்கூட ஒன்றும் விழவில்லை. அதே மொத்தக் கணக்கில் முடித்த இன்னும் இருவரோடு மறுபடி ஆடினார், அதில் தோற்றார் என்று முடித்தேன். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்த முறை குலுங்கவில்லை. பட்டனை அழுத்திவிட்டு, நல்லா கீது என்றான். இருபது வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரலில் வந்ததிலேயே நல்லது அதுதான் என்று எனக்கும் தெரிந்தது. குக்கர்காரனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு அனுப்பினோம். முதல் பதிவை விட்டுவிடுங்கள், இதைப் போடுங்கள் என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. ஒலித்தரம் மேம்படுத்தப்பட்டது என்று மட்டும் போட்டேன். பயந்தவனுக்கு இப்படிப்பட்ட வார்த்தைகள் தானாக வரும்.

ஐந்து மணிக்கு அம்மணி அழைத்தார். இரண்டையும் கேட்டுவிட்டாராம். மொழி புரியாதவர் என்பதால் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். திரையில் ஒலி அலை எழும்பும் உயரத்தை வைத்து ஒரு கணக்கு அவர்களிடம் இருக்கிறது. முதலாவதில் அலை கூரைக்குப் போகிறது, இரண்டாவதில் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். கம்ப்யூட்டரால் செய்ய முடியாதது முதலாவதில்தான் இருக்கிறது, மேலே உள்ளவர்கள் அதைக் கேட்டுவிட்டு நாற்காலிக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள், அதனால் அதையே போடப்போகிறோம் என்றார். பிறகு, பேச்சை முடிப்பதற்காகத்தான், ஒன்று கேட்டார்.

"இரண்டிலும் விஷயம் ஒன்றுதானே?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதுபவன் நான், யார் கேட்கப் போகிறார்கள்? சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. மேடம், முதலாவதில் தோற்றவனை ஜெயிக்க வைத்திருக்கிறேன், நேர்மையானவனைத் திருடன் என்றிருக்கிறேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்றும் தெரியும். சின்ன வயசிலிருந்தே உயிர் என்றீர்களே?

"ஒன்றுதான் மேடம்," என்றேன்.

போனை வைத்தேன். அவன் கேபிளைச் சுற்றி மாட்டிக்கொண்டிருந்தான். இன்னா சொல்லுது என்று கேட்டான். முதலில் எடுத்ததே போதுமாம், நாற்காலியும் நமக்குத்தானாம் என்றேன். நமக்கு என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையில் அது எனக்கு மட்டும்தான்.

"அப்போ தமிய்ல அவன் தான் சாம்பியனா?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் செருப்பை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அவன் டப்பாவைக் கழுவி, பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் பதிவுதான் ஒளிபரப்பானது. புகார் எதுவும் வரவில்லை. அடுத்த மாதப் பந்தயத்திலிருந்து வர்ணனை நான் செய்கிறேன்.